காரணப்பெயரா, இடுகுறியா?
தொழில்நுட்ப நிறுவனப் பெயர்களின் சொற்பிறப்பும் மொழிபெயர்ப்பாளரும்

1. ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் விரிவாக ஆராய்ந்துள்ள நம் பெயராய்வாளர்கள், வணிக நிறுவனப் பெயர்களை விளம்பரத் துறையினரின் கையில் விட்டுவிட்டனர். இவை மொழியில் இயல்பாக முகிழ்த்தவை அல்ல. விற்பனைக்காகச் செய்துகொள்ளப்பட்டவை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆயின் இன்று அகராதி தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்கள் பல இப்பெயர்களைச் சுற்றியே எழுகின்றன. ‘ஜெராக்ஸ்’ என்பதைத் தமிழ் அகராதியில் தலைச்சொல்லாகச் சேர்க்கலாமா? ‘விண்டோஸ்’ என்பதைச் ‘சாளரம்’ எனப் பெயர்ப்பது தகுமா? ‘நோக்கியா’ என்பது ‘நோக்கு’ என்னும் தமிழ் வினையடியோடு தொடர்புடையது என்று எழுதிவரும் கட்டுரைக்கு என்ன மறுமொழி கூறுவது? இவற்றுக்கு விடை காண வேண்டுமாயின் அப்பெயர்கள் பிறந்த முறையை அறிதல் இன்றியமையாதது. இக்கட்டுரை அம்முறையைச் சில சான்றுகளின் வழி விளக்க முற்படுகிறது.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். பின்வந்தோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகக் காரண இடுகுறிப்பெயர் என்னும் ஒன்றையும் எடுத்துக்காட்டினர். ‘முள்ளி’ என்பது முள்ளுடையது என்னும் காரணம் பற்றி வந்த பெயர். எனினும் முள்ளுடைய செடிகள் அனைத்தையும் குறிக்காமல் ஒரு செடிக்கே உரியதாய் நின்றுவிட்டது. நிறுவனப் பெயர்களுள் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தவை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. தொடங்கும்போது காரணம் உண்டு. நிறுவனம் வளரும்போது காரணம் உதிர்கிறது. பெயர் மட்டும் எஞ்சுகிறது.

தூய இடுகுறி அரிது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் ஒளிப்படக் கருவிக்குப் பதிவு செய்த ‘கொடாக்’ என்னும் பெயரே அதற்குத் தலைசிறந்த சான்று. எம்மொழியிலும் பொருள் இல்லாததாக, குறுகியதாக, தவறாக ஒலிக்க இயலாததாக ஒரு சொல்லை அவர் தேடினார். ‘க்’ ஒலிக்குரிய ஆங்கில எழுத்தின்மீது அவருக்கு ஒரு பற்று இருந்தது. முதலிலும் இறுதியிலும் அதையே வைத்தார். சொற்பொருளின் காரணம் நோக்கியவுடன் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறுவது இயற்கைமொழிச் சொற்களைக் குறித்தது. ஈஸ்ட்மனின் சொல்லிலோ எத்துணை விழித்து நோக்கினும் காரணம் புலப்படாது. ஏனெனில் அங்கு அது வைக்கப்படவே இல்லை.

2. காரணம் உதிரும் முறை

சுருக்கமும் கலப்பும் இத்துறையில் மலிந்துள்ள சொல்லாக்க முறைகள். 1968இல் இராபர்ட் நாய்சும் கோர்டன் மூரும் தொடங்கிய ‘இன்டெல்’, ‘ஒருங்கிணைந்த மின்னணுவியல்’ எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தொடக்கப் பகுதிகளை இணைத்தது. 1975இல் பில் கேட்சும் பால் ஆலனும் உருவாக்கிய ‘மைக்ரோசாப்ட்’ தொடக்கத்தில் இடைக்கோட்டுடன் எழுதப்பட்டது. நுண்கணினி, மென்பொருள் என்னும் இரண்டின் தலைப்பகுதிகள் அதில் உள்ளன. இடைக்கோடு மறைந்தபோது கலப்பின் தையலும் மறைந்தது. ‘இன்போசிஸ்’ (1981) இவ்வகையில் மிகத் தெளிவானது; அதைப் பற்றி மேலும் கூற வேண்டியதில்லை.

‘விப்ரோ’ சற்று நின்று நோக்கத்தக்கது. 1945இல் மராட்டிய மாநிலத்தின் அமல்நேர் என்னும் ஊரில் ‘வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்’ என்னும் பெயரில் சமையல் எண்ணெய் நிறுவனமாக அது தொடங்கியது. மேற்கு, இந்தியா ஆகியவற்றின் முதலெழுத்துகளும் ‘பொருள்கள்’ என்னும் சொல்லின் முதலசையும் சேர்ந்தன. இடையில் நின்ற ‘தாவர’ என்னும் அடை விடப்பட்டது. நிறுவனத்தின் தொழிலைச் சுட்டிய ஒரே சொல் அதுதான் என்பதை நோக்குக. தொழில் மாறிய பின்னரும் பெயர் மாற வேண்டிய தேவை எழாமைக்கு இந்த விடுபாடும் ஒரு காரணம் எனலாம். முழுப்பெயர் நின்றிருப்பின், கணினி மென்பொருள் விற்கும் நிறுவனம் தாவரப் பொருள்கள் என்னும் பெயரோடு உலவியிருக்கும்.

இச்சுருக்கங்களில் உருபன் எல்லை பெரும்பாலும் மதிக்கப்படுவதில்லை. தைபே நகரில் 1989இல் தோன்றிய ‘ஆசுஸ்’, கிரேக்கப் புராணத்தின் சிறகுள்ள குதிரையாகிய ‘பெகாசசு’ என்பதன் இறுதி நான்கு எழுத்துகளைக் கொண்டது. முதற்பகுதியை வெட்டியதன் நோக்கம், அகரவரிசைப் பட்டியலில் முன்னிடம் பெறுதல். மொழியின் எந்த விதியும் அவ்விடத்தில் வெட்டச் சொல்லவில்லை. பட்டியலின் விதி சொல்லியது. எழுத்துமொழி பேச்சுமொழியின் சொல்லாக்கத்தை ஆளும் இத்தகைய இடங்கள் கோட்பாட்டு நோக்கில் கருதத்தக்கவை. ‘லெனோவோ’ இதற்கு நேர்மாறு. ‘லெஜண்ட்’ என்னும் பழைய ஆங்கிலப் பெயரின் முதலசையோடு, ‘புதிய’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் ஒரு வேற்றுமை வடிவத்தை ஒட்டி 2003இல் ஆக்கப்பட்டது அது. சீன மொழியில் அந்நிறுவனம் இன்றும் ‘லியன்சியாங்’ என்றே வழங்குகிறது. எண்ணத்தொடர்பு என்பது அதன் பொருள். ஆக, ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பெயர்கள், இரண்டு சொற்பிறப்புகள். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பும் அன்று.

பெயர் எந்த மொழியினர் செவியில் விழும் என்னும் கவலை பல பெயர்களை மாற்றியுள்ளது. 1946இல் தோக்கியோவில் மசாரு இபுக்காவும் அக்கியோ மொரித்தாவும் தொடங்கிய நிறுவனத்தின் நீண்ட சப்பானியப் பெயர் அயலார் நாவுக்கு எட்டவில்லை. ஒலி எனப் பொருள்படும் ‘சோனுசு’ என்னும் இலத்தீன் சொல்லையும், சிறுவனை அன்புடன் அழைக்கும் ‘சன்னி’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் அவர்கள் எண்ணினர். ஆனால் ‘சன்னி’யின் எழுத்துக்கூட்டலைச் சப்பானியர் ‘சொன்னி’ எனப் படிப்பர். ‘சொன்’ என்பது அம்மொழியில் இழப்பைக் குறிக்கும். வணிகத்துக்கு அது ஆகாது. ஒரு மெய்யை நீக்கியதும் ‘சோனி’ பிறந்தது. 1958இல் நிறுவனத்தின் பெயராகவே அது அமைந்தது. அமெரிக்காவில் ஜெப் பெசோசு 1994இல் தம் நிறுவனத்துக்கு முதலில் இட்ட ‘கடாப்ரா’ என்னும் பெயர், தொலைபேசியில் கேட்ட வழக்குரைஞருக்குப் பிணம் என்னும் சொல்லாகக் கேட்டது. அதன்பின் வந்ததே ‘அமேசான்’. ஒலியன் ஒற்றுமையால் நேரும் இத்தகைய விபத்துகளை மொழிபெயர்ப்பாளர் தம் மொழிக்கும் பொருத்திப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

3. ஒலியொப்புமையும் உண்மைத் தொடர்பும்

‘நோக்கியா’ பின்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1865இல் பிரடரிக் இதெசுதாம் தம்பெரே நகரில் காகிதக்கூழ் ஆலை நிறுவினார். சில ஆண்டுகளில் இரண்டாம் ஆலை நோக்கியா ஊரையடுத்த ஆற்றங்கரையில் எழுந்தது. நிறுவனம் அவ்வூர்ப்பெயரைப் பெற்றது. ஊர்ப்பெயரின் மூலத்தைக் கருமயிர் கொண்ட ஒரு சிறு விலங்கின் பழம்பெயரோடு இணைப்பர். இன்றைய பின்னிய மொழியில் ‘நொக்கி’ என்றால் புகைக்கரி. தமிழின் ‘நோக்கு’ இங்கு எவ்வழியிலும் நுழைய இடமில்லை. 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் இந்நிறுவனத்தின் கைப்பேசி ஆலை இயங்கியமையால் இப்பெயர் தமிழர் நாவில் மிகுதியாகப் பயின்றது. ‘நோக்கிய’ என்னும் பெயரெச்சத்தோடு அது ஒத்தொலிப்பதும் உண்மை. ஆனால் ஒத்தொலித்தல் சான்று ஆகாது. ஒரு பெயரின் மூலத்தை நிறுவ, அது முதன்முதல் எழுதப்பட்ட இடமும் காலமும், அம்மொழியின் ஒலிமாற்ற விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். இதை வலியுறுத்துவது தமிழின் பெருமையைக் குறைப்பதாகாது. தமிழோடு மெய்யாகவே தொடர்புடைய செய்திகள் இத்தகைய போலி ஒப்புமைகளின் கூட்டத்தில் மறைந்துபோகின்றன என்பதே என் கவலை.

அத்தகைய மெய்த்தொடர்பு ஒன்று எவரும் எதிர்பாராத ‘கேனன்’ என்னும் பெயரில் உள்ளது. 1934இல் தோக்கியோவின் ஒரு சிறு ஆய்வகம் உருவாக்கிய ஒளிப்படக் கருவியின் மாதிரிக்குக் ‘குவானன்’ எனப் பெயரிடப்பட்டது. அருளின் வடிவாகச் சப்பானியர் வணங்கும் போதிசத்துவரின் பெயர் அது. ஆயிரம் கைகளுடன் கூடிய அவர் உருவமே தொடக்ககாலச் சின்னத்தில் இருந்தது. ‘க்வ’ என்னும் பழைய ஒலி சப்பானிய மொழியில் ‘க’வாகத் திரிந்துவிட்டதால், இன்று அப்பெயரைக் ‘கன்னொன்’ என ஒலிப்பர். சீன வடிவம் ‘குவான்யின்’. ‘குவான்’ நோக்குதல், ‘யின்’ ஒலி. உலகின் ஓலத்தைக் கண்டறிபவர் என்பது விரிந்த பொருள். இவை யாவும் வடமொழி ‘அவலோகிதேசுவரர்’ என்னும் பெயரின் வழிவந்தவை.

அந்த அவலோகிதரே அகத்தியருக்குத் தமிழ் உரைத்தவர் என்பது, பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் போற்றும் மரபு. அவலோகிதர் உறைவதாகப் பௌத்த நூல்கள் கூறும் போதலகம் நம் பொதியில் மலையே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆக, ‘நோக்கியா’வில் ‘நோக்கு’ இல்லை. ஆனால் ‘கேன’னின் பின்னணியில் நோக்கும் தெய்வமும் பொதியிலும் தமிழ் இலக்கண நூல் ஒன்றும் இருக்கின்றன. செவியை மட்டும் நம்பியவர் முதலாவதைக் கண்டு மகிழ்ந்து, இரண்டாவதைத் தவறவிடுவர்.

1935இல் அயல்நாட்டு விற்பனையைக் கருதிப் பெயர் ‘கேனன்’ என மாற்றப்பட்டது. ஒலியில் பழைய பெயருக்கு அணுக்கமானது. பொருளிலோ முற்றிலும் வேறு. அளவுகோல், விதி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் இது. நாணலைக் குறித்த ஒரு செமித்தியச் சொல்லோடு அதை இணைப்பர். பௌத்தப் பெயர் ஒன்று ஒலியைப் பேணியவாறே வேறொரு மொழிக் குடும்பத்தின் சொல்லுக்குள் குடிபுகுந்த இந்நிகழ்வை ஒலிபெயர்ப்பு எனவும் கூறலாம், மொழிபெயர்ப்பின் மறுப்பு எனவும் கூறலாம்.

சொற்பயணத்தின் நெடுமையால் ‘அடோபி’யையும் இங்குச் சுட்டுதல் பொருந்தும். 1982இல் ஜான் வார்னாக்கும் சார்லசு கெசுக்கியும் தொடங்கிய இந்நிறுவனம், கலிபோர்னியாவில் வார்னாக்கின் இல்லத்துக்குப் பின்னே ஓடிய சிற்றோடையின் பெயரைக் கொண்டது. ஓடையின் பெயரோ சுடாத செங்கல்லைக் குறிக்கும் இசுபானியச் சொல். அது அரபு மொழியின் ‘தூப்’ (செங்கல்) என்பதிலிருந்து வந்தது. சுட்டு முன்னொட்டாகிய ‘அல்’ தகரத்தின் முன் திரிந்து ‘அத்தூப்’ ஆகும். (‘அல்’ என்பதன் முன் ‘திணை’ வந்து ‘அஃறிணை’ ஆகும் தமிழ்ப் புணர்ச்சி தகரத்தையும் சேர்த்துத் திரிக்கிறது, அரபு மொழி லகரத்தை மட்டும் விழுங்குகிறது.) அரபுச் சொல்லுக்கு மூலம் எகிப்தின் காப்து மொழியில் வழங்கிய ‘தோபே’, அதற்கும் மூலம் பண்டை எகிப்தியச் சொல். நைல் ஆற்றங்கரைக் களிமண் கட்டி ஒன்று, மூன்று மொழிகளைக் கடந்து, ஓடைக்குப் பெயராகி, இன்று அச்செழுத்து மென்பொருளின் பெயராக நிற்கிறது. நிறுவனத்துக்கும் செங்கல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காரணப்பெயர், ஓடைக்குச் சென்ற கணத்திலேயே இடுகுறியாகிவிட்டது.

பெயர் தோன்றிய பிறகு அதற்குக் காரணம் கற்பிக்கும் போக்கும் உண்டு. 1994இல் தொடங்கிய ‘யாகூ’, 1726இல் வெளிவந்த சுவிப்டின் ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலில் வரும் முரட்டு மாந்தரின் பெயர். அதன் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் விரித்து ஒரு நீண்ட தொடராக்கிய விளக்கமும் உடன் வழங்குகிறது. அவ்விரிவு விளையாட்டாகப் பொருத்தப்பட்டது. அதையே மூலமெனக் கொண்டு தமிழாக்கம் செய்து அடைப்புக்குறிக்குள் இடும் மொழிபெயர்ப்பாளர், நகைச்சுவையை வரலாறாக்கிவிடுகிறார்.

4. சிறப்புப்பெயர் பொதுப்பெயராதல்

உலர்ந்த எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ‘க்சீரோசு’. ஈரமான வேதிக்கரைசல் இன்றி நகலெடுக்கும் முறையைச் செசுட்டர் கார்ல்சன் 1938இல் கண்டறிந்தார். அதற்குப் பெயர் தேடியபோது, செம்மொழிப் பேராசிரியர் ஒருவர் உலர்எழுத்து எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரை ஆக்கித் தந்தார். அதிலிருந்து சுருங்கிய வணிகக்குறி 1961இல் நிறுவனத்தின் முழுப்பெயராயிற்று. (புண்மேல் தூவும் உலர்தூளைக் குறித்த இதே வேரின் மற்றொரு கிளை, அரபு மொழியில் ‘அல் இக்சீர்’ ஆகி, இரசவாதிகள் தேடிய சாவா மருந்தின் ஐரோப்பியப் பெயராயிற்று.) கிரேக்கத்தின் ‘க்ச’ ஆங்கிலத்தில் சொன்முதலில் நிற்கவியலாமல் வேறொலி ஆனது, அவ்வொலியும் தமிழில் இன்மையால் ‘ஜெராக்ஸ்’ என்றும் ‘செராக்ஸ்’ என்றும் வழங்குகிறது.

தமிழில் இச்சொல் பெற்ற பொருள்மாற்றம் ஆங்கிலத்தினும் நுட்பமானது. ஆங்கிலத்தார் அதை வினையாக்கினர். தமிழரோ ‘ஜெராக்ஸ் எடு’, ‘இரண்டு ஜெராக்ஸ் கொடுங்கள்’, ‘ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது’ என்பர். இங்கு அச்சொல் எடுத்த படியைக் குறிக்கும் எண்ணுப்பெயர் ஏற்கும் பெயர்ச்சொல். வினைப்பொருளை ‘எடு’, ‘போடு’ என்பன தருகின்றன. நிறுவனத்தின் பெயர் அது செய்த பொறிக்கு ஆனது கருத்தாவாகுபெயர். பொறியின் பெயர் அதனால் விளைந்த படிக்கு ஆனது கருவியாகுபெயர். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்றலின் இதனை இருமடியாகுபெயர் எனக் கொள்ளலாம். நம் இலக்கண நூல்கள் வகுத்த கலைச்சொல் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் நகல்கடையில் இத்துணைப் பொருத்தமாக அமைவது மகிழ்ச்சி தருவது.

இதில் சட்டச் சிக்கல் உண்டு. வணிகக்குறி பொதுப்பெயராகிவிடின் உரிமையாளர் அதன்மேல் கொண்ட தனியுரிமையை இழக்க நேரும். எனவேதான் நிறுவனங்கள் தம் பெயரை அடைமொழியாக மட்டுமே ஆள வேண்டுமென வற்புறுத்துகின்றன. சென்னையில் தலைமையிடம் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் ‘ஜெராக்ஸ்’ குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்க மறுத்தது. ஆகச் சட்டத்தில் அது சிறப்புப்பெயர், கடைத்தெருவில் பொதுப்பெயர்.

‘கூகுள்’ இச்சிக்கலை மொழி நிறுவனங்களின் வாயிலுக்கே கொண்டுவந்தது. 1ஐ அடுத்து 100 சுழியங்கள் வரும் எண்ணுக்கு எட்வர்டு காசுனர் என்னும் கணித அறிஞரின் மருமகனான சிறுவன் இட்ட ‘கூகோல்’ என்னும் பெயரே, 1997இல் எழுத்துக்கூட்டல் திரிந்து ‘கூகுள்’ என இணையமுகவரியாகப் பதிவானது. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி 2006இல் இதை வினைச்சொல்லாக ஏற்றது. சுவீடனின் மொழிக் குழு, தேடுபொறியால் கண்டறிய இயலாதது எனப் பொருள்படும் ‘ஊகூகிள்பார்’ என்னும் சொல்லைப் புதுச்சொற் பட்டியலில் சேர்த்தபோது, வரையறையில் தன் தேடுபொறியை மட்டும் குறிப்பிட வேண்டுமென நிறுவனம் கோரியது. குழு 2013இல் வரையறையைத் திருத்த மறுத்து, கண்டனத்துடன் சொல்லையே பட்டியலிலிருந்து நீக்கியது. நான் அக்குழுவில் இருந்திருப்பின் நீக்கியிருக்க மாட்டேன். மக்கள் எப்பொருளில் ஆள்கின்றனரோ அப்பொருளைப் பதிவு செய்தலே அகராதியின் பணி. உரிமையாளரின் விருப்பத்தைத் தனிக்குறிப்பாக இடுவதில் தடையில்லை. 2017இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வினையாக ஆளப்படுதல் மட்டுமே ஒரு வணிகக்குறியைப் பொதுப்பெயராக்கிவிடாது எனத் தீர்ப்பளித்தது. எனவே அகராதியாளர் அஞ்ச வேண்டியதும் இல்லை. ‘ஜெராக்ஸ்’ தமிழ் அகராதியில் இடம்பெற வேண்டும். ‘நகல், படி’ என்பன அதன் இணைச்சொற்களாகக் காட்டப்பெற வேண்டும். ‘வணிகக்குறி’ என்னும் குறிப்பும் உடன் அமையலாம். அச்சொல்லை விலக்கிவைப்பதால் ‘நகல்’ வலுப்பெறும் என்பது என் பட்டறிவில் மெய்ப்படவில்லை.

5. தமிழில் எழுதுதல்

பெயரின் காரணம் உயிருடன் இல்லாதபோது அதனை மொழிபெயர்த்தல் பயனற்றது. ‘மைக்ரோசாப்ட்’ நிறுவனத்தை ‘நுண்மென்’ என எழுதுவார் இலர். திரையில் தோன்றும் கட்டத்தைச் ‘சாளரம்’ எனலாம். அப்பெயருடைய மென்பொருளை ‘விண்டோஸ்’ என்றே எழுத வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. ஒலிபெயர்ப்பில்தான் இடர் மிகுதி. வடசொற்களைத் தமிழ் எழுத்தோடு பொருந்த அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியர் கூறிய நெறி இதற்கும் பொருந்தும். ஆனால் அதைக் கடைப்பிடிக்கும்போது எதிர்பாரா விளைவுகள் நேரும்.

1996இல் ‘அட்வென்ட்நெட்’ எனத் தொடங்கி 2009இல் பெயர் மாறிய ‘ஜோஹோ’ நிறுவனம் சென்னையிலும் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகங்கள் கொண்டது. சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் என்னும் ஆங்கிலத் தொடர்களின் தலைப்பெழுத்துச் சுருக்கமாகிய ‘சோஹோ’வின் முதலொலியை மாற்றி ஆக்கப்பட்டது இப்பெயர். கிரந்த எழுத்து விலக்கி அதனைச் ‘சோகோ’ என எழுதினால் என்ன நேர்கிறது? சகரம் சொன்முதலில் உரசொலியாகவும், ககரம் உயிர்களிடையே மென்மையாகவும் ஒலிக்க, மூலச் சுருக்கமே மீண்டும் கிடைத்துவிடுகிறது. வணிகக்குறியை வேறுபடுத்த வேண்டி மாற்றப்பட்ட ஒரே ஒலியைத் தமிழ் ஒலியனியல் மீட்டு அழித்துவிடுகிறது. இத்தகைய இடத்தில் ‘ஜோஹோ’ என எழுதுவதே தகும் என்பது என் துணிபு. தூய்மை விழைவோர் இதனை ஏற்கமாட்டார்கள். ஆயினும் பெயரின் முதற்பணி வேறுபடுத்திக் காட்டுதல்.

அதே நிறுவனம் எதிர்த்திசையிலும் ஒரு சிக்கலை அளித்துள்ளது. 2021இல் வெளியிட்ட செய்திச் செயலிக்கு ‘அரட்டை’ என்றும், 2023இல் வெளியிட்ட இணைய உலாவிக்கு ‘உலா’ என்றும் தமிழ்ப் பெயர்களையே இட்டது. ‘உலா’ என்பது தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கிய வகை என்பதைத் தமிழர் அறிவர். பிறர்க்கு அது பயணம் என்னும் பொருளளவில் நின்றுவிடும். உரோமன் எழுத்தில் அதன் ஈற்று நெடிலைக் காட்ட உயிரெழுத்து இரட்டிக்கப்பட்டுள்ளது. ‘அரட்டை’க்கோ அத்தகைய உதவி இல்லை. உரோமன் வடிவம் டகரத்தையும் தகரத்தையும் வேறுபடுத்தாது. முதலில் நிற்பது குறிலா நெடிலா என்பதையும் சொல்லாது. ‘அரத்தை’, ‘ஆரட்டாய்’ எனப் படிக்கவும் அது இடம் தரும். இந்தி, வங்காளம், மராத்தி முதலிய மொழிகளில் எழுதுவோர் உரோமன் வடிவத்திலிருந்து பெயர்க்காமல் தமிழ் எழுத்து வடிவத்திலிருந்து நேரே பெயர்த்தால் இரட்டித்த வல்லின டகரம் காக்கப்படும். அம்மொழிகள் அனைத்திலும் அவ்வொலிக்கு எழுத்து உண்டு.